வாகனக் கேள்வி பதில்: எயார்பேக் விளக்கு அணைய மறுத்தால்

கேள்வி: ஐயா, என்னிடம் 2003 ஆம் ஆண்டில் உற்பத்தியான கொரோலா 121 ஒன்று உள்ளது. ஜப்பானிலிருந்து ரீகண்டிஷன் செய்யப்பட்டு வந்த அந்த வாகனத்துக்கு நான் மூன்றாவது உரிமையாளர். கடந்த ஆடி மாதம் முதல் டாஷ்போர்டில் உள்ள எயார்பேக் விளக்கு சில நாட்களில் எரிவதும் சில நாட்களில் அணைவதுமாக இருந்தது. இப்போது விடாமல் எரிகிறது. அத்துடன் அநுராதபுரச் சந்தியில் வளைவெடுக்கும்போது ஹோர்னை அழுத்தினால் சில வேளைகளில் சத்தம் வருவதில்லை; நேராக ஓடும்போது வருகிறது. ஒரு கராஜில் மீற்றருக்குள் இருக்கும் பல்பைக் கழற்றிவிட்டால் போதும் என்றார்கள். இன்னோர் இடத்தில் எயார்பேக் தொகுதி முழுவதையும் மாற்ற வேண்டும் என்றார்கள். நண்பர் ஒருவர் கைத்தொலைபேசியுடன் இணையும் சிறிய ஸ்கேனரைப் பொருத்திப் பார்த்தபோது பிழை எதுவும் இல்லை என்று காட்டியது. ஓடிக்கொண்டிருக்கும்போது எயார்பேக் தானாக விரிந்துவிடுமோ என்று வீட்டில் பயப்படுகிறார்கள். நான் யாரை நம்புவது?
— வாசகர், உப்புவெளி

பதில்: உங்கள் கேள்விக்கான பதிலில் பாதியை நீங்களே எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். ஹோர்னைப் பற்றிய அந்த ஒரு வரியை கராஜில் சொல்லியிருந்தும் தொகுதி முழுவதையும் மாற்றச் சொன்னார்கள் என்றால், அந்த வாசலை இன்னொரு முறை மிதிக்க வேண்டியதில்லை.

முதலில் விளக்கு என்ன சொல்கிறது என்பதைப் பார்ப்போம். சாவியை ஓன் நிலைக்குத் திருப்பியவுடன் அது ஏறத்தாழ 6 விநாடிகள் எரிந்து, பின்னர் தானாகவே அணைய வேண்டும். டாஷ்போர்டின் நடுப்பகுதிக்குக் கீழே, தளத்தோடு சேர்த்துப் பூட்டப்பட்டிருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி, தன்னையும் தன்னிலிருந்து எயார்பேக்குகளுக்கும் சீற் பெல்ற்றை இறுக்கும் கருவிகளுக்கும் செல்லும் வயர்களையும் அந்த நேரத்தில் சோதித்துக்கொள்கிறது. ஒவ்வொரு எயார்பேக்கினுள்ளும் உள்ள தீமூட்டிக்கு 2 அல்லது 3 ஓம் அளவிலான மிகச் சிறிய மின்தடை உண்டு. அந்தத் தடை இருக்க வேண்டிய அளவில் இருக்கிறதா என்பதைத்தான், வாகனம் ஓடும்போதும் அந்தப் பெட்டி இடைவிடாமல் கவனிக்கிறது. வயர் அறுந்தாலோ, இரண்டு வயர்கள் ஒன்றோடொன்று முட்டினாலோ, கனெக்டரில் துரு ஏறினாலோ அந்த அளவு மாறிவிடும். விளக்கு எரியத் தொடங்கும். பழுதின் குறியீடு நினைவகத்தில் பதியும்.

ஆகவே, வயர் அறுந்ததனால் எரியும் விளக்கைக் கண்டு எயார்பேக் தானாக விரிந்துவிடும் என்று பயப்படத் தேவையில்லை. மோதும் நேரத்தில் அது விரியாமலே இருந்துவிடலாம் என்பதே உண்மையான ஆபத்து. வாகனத்தைப் பொறுத்து, பழுதான சுற்று மட்டுமன்றித் தொகுதி முழுவதுமே செயலிழந்திருக்கவும் கூடும். சீற் பெல்ற் வழக்கம்போல் உங்களைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் மோதலின்போது அதை இறுக்கும் கருவி இயங்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. நகருக்குள் மெதுவாக ஓட்டிக்கொண்டு போய்த் திருத்தக் கொடுப்பதில் தவறில்லை. யானைகள் குறுக்கிடும் ஹபரணைப் பாதையில் இரவுப் பயணம் போவதைத் திருத்திய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஹோர்னுக்கு வருவோம். ஸ்டீயரிங் வளையம் சுழல்வது. அதன் கீழே உள்ள தண்டுறை சுழலாதது. சுழலாத பக்கத்திலிருந்து சுழலும் பக்கத்துக்கு மின்சாரம் அறுபடாமல் போக வேண்டும் என்பதற்காக, வளையத்துக்குப் பின்னால் தட்டையான வட்டப் பெட்டி ஒன்று இருக்கிறது. அதனுள்ளே மெல்லிய செப்புக் கம்பிகள் பதித்த பிளாஸ்ற்றிக் நாடா, கடையில் ரிபன் சுற்றி வைத்திருப்பதைப் போல, பல சுற்றுகளாகச் சுருண்டிருக்கும். ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் திருப்பினால் சுருள் இறுகும். மறுபக்கம் திருப்பினால் தளரும். நம் மெக்கானிக்குகள் குளொக் ஸ்பிரிங் என்றும், டொயோட்டாவின் கையேடுகள் ஸ்பைரல் கேபிள் என்றும் குறிப்பிடும் பாகம் இதுவே. ஓட்டுநர் பக்க எயார்பேக்கின் வயரும் ஹோர்னின் வயரும் ஒரே நாடாவில்தான் போகின்றன. இருபது ஆண்டுகளுக்கு மேலாக இறுகித் தளர்ந்த நாடாவில் செம்பு ஓரிடத்தில் வெடித்துவிட்டால், ஒரு கோணத்தில் முனைகள் தொட்டுக்கொள்ளும், இன்னொரு கோணத்தில் விலகிவிடும். வளைவில் ஊமையாகும் ஹோர்னும், முதலில் விட்டுவிட்டு எரிந்து பின்னர் நிலையாக எரியும் விளக்கும் சேர்ந்து வந்தால், என் சந்தேகம் வேறெங்கும் போகாது.

இதை உறுதிப்படுத்துவதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. ஆட்கள் நடமாட்டமில்லாத திறந்த இடமொன்றில் வாகனத்தை நிறுத்தி, எஞ்சினை இயங்கவிட்டு, ஹோர்னை அழுத்திப் பிடித்தபடி ஸ்டீயரிங்கை இடக்கோடியிலிருந்து வலக்கோடி வரை மிக மெதுவாகத் திருப்புங்கள். சத்தம் ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் அறுந்து மீண்டும் மீண்டும் ஒட்டினால் பழுது நாடாவில்தான் இருக்கிறது. (கோயில் வீதியிலும் வைத்தியசாலைக்கு அருகிலும் இதைச் செய்யாதீர்கள், நான் ஒரு முறை அயலவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.) இன்னொன்றையும் நினைவுபடுத்திப் பாருங்கள். விளக்கு முதன்முதலில் எரிவதற்குச் சற்று முன்னர், ஸ்டீயரிங்கின் சுழற்சியைச் சக்கரங்களுக்குக் கொண்டுசெல்லும் ஸ்டீயரிங் ராக்கைக் கழற்றித் திருத்தினீர்களா? ராக்கைக் கழற்றியிருக்கும்போது வளையத்தைக் கட்டி வைக்காமல் விட்டால், அது தன்பாட்டில் சுழன்று நாடா நடுநிலை தவறிவிடும். அதன்பின் எடுக்கும் முதல் முழு வளைவிலேயே நாடா அறுந்துபோகலாம். நாடா நல்லதாக இருந்தும் கைப்பிழையால் போன வாகனங்கள் என் கைக்கே வந்திருக்கின்றன.

நண்பரின் ஸ்கேனர் பொய் சொல்லவில்லை. கேட்கப்பட்ட கேள்விக்கு மட்டுமே அது பதில் சொல்லியிருக்கிறது. அந்த வகைச் சிறிய கருவிகளிற் பெரும்பாலானவை எஞ்சின் சம்பந்தமான குறியீடுகளை மட்டுமே வாசிப்பவை. எயார்பேக்கின் குறியீடுகள் வேறு பெட்டியில் இருப்பதால், எஸ்.ஆர்.எஸ். எனப்படும் எயார்பேக் தொகுதியை வாசிக்கக்கூடிய ஸ்கேனர் உள்ள இடத்துக்குத்தான் போக வேண்டும். உங்கள் வாகனத்தில் ஓட்டுநர் பக்க எயார்பேக்கின் சுற்று அறுந்திருந்தால் பி0101 (B0101) என்றும், வயர்கள் ஒன்றோடொன்று முட்டியிருந்தால் பி0100 (B0100) என்றும் வரும்.

அப்படிப்பட்ட ஸ்கேனர் கிடைக்காவிட்டாலும் அந்தக் காலத்து டொயோட்டாவில் விளக்கையே பேச வைக்கும் வழியொன்று உண்டு. ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள 16 துளைகள் கொண்ட சோதனைச் சொக்கட்டில் 4 ஆம் துளையையும் 13 ஆம் துளையையும் ஒரு சிறிய வயரால் இணைத்துச் சாவியை ஓன் நிலையில் வைத்தால், எயார்பேக் விளக்கு குறியீட்டைக் கண்சிமிட்டிச் சொல்லும். ஒரு முறை சிமிட்டி, சற்று நிறுத்தி, நான்கு முறை சிமிட்டினால் 14, அதுதான் பி0101. ஒரு முறை, பின்னர் மூன்று முறை என்றால் 13, அது பி0100. நிற்காமல், விநாடிக்கு இரண்டு முறை என ஒரே சீராகச் சிமிட்டிக்கொண்டிருந்தால் குறியீடு எதுவும் இல்லை என்று பொருள். எரிந்துகொண்டிருந்த விளக்கு இந்தச் சோதனையில் அப்படிச் சீராகச் சிமிட்டினால் பற்றரியைப் பாருங்கள். மின்னழுத்தம் இறங்கியிருப்பதன் அடையாளம் அது. நம் ஊர் வெயிலில் பற்றரிகள் நெடுங்காலம் உழைப்பதில்லை என்பதால் இதை அசட்டை செய்ய வேண்டாம். ஓர் எச்சரிக்கை: அதே சொக்கட்டின் 16 ஆம் துளையில் பற்றரியின் நேர்முனை எப்போதும் நிற்கிறது. எண்ணிக்கை பிழைத்து வயரை அங்கே குத்தினால் குறைந்த பட்சம் ஒரு பியூஸ் போகும். பார்வை மங்கியவர்களும் அவசரக்காரர்களும் இதை வேறொருவரிடம் விட்டுவிடுவது நல்லது.

குறியீடு 14 என்று வந்ததும் நேரே ஸ்பைரல் கேபிளை வாங்கப் புறப்பட வேண்டாம். அறுந்தது நாடாவாகவும் இருக்கலாம், எயார்பேக்கினுள் இருக்கும் தீமூட்டியாகவும் இருக்கலாம், இடையிலுள்ள வயராகவும் இருக்கலாம். மல்ரிமீற்றரின் முனைகளை எயார்பேக்கில் வைத்துத் தடையை அளந்து பார்ப்போம் என்ற எண்ணம் பழக்கப்பட்ட கைக்கு இயல்பாக வரும். ஒருபோதும் அதைச் செய்யக் கூடாது. தடையை அளப்பதற்கு மீற்றர் தன் பற்றரியிலிருந்து சிறிதளவு மின்னை அனுப்புகிறது. தீமூட்டியோ மின்னைக் கண்டால் பற்றுவதற்கென்றே செய்யப்பட்டது. ரெஸ்ற் பல்பை வைப்பது அதைவிடப் பைத்தியக்காரத்தனம். முறையான வழி, பற்றரியைக் கழற்றிக் காத்திருந்து, எயார்பேக்கை நீக்கி, அதன் கனெக்டரில் ஏறத்தாழ 2 ஓம் மின்தடை ஒன்றை மாற்றாக வைத்து, பற்றரியைப் பூட்டி, மீண்டும் குறியீட்டை வாசிப்பதாகும். மின்தடையை வைத்த பிறகும் சுற்று அறுந்திருக்கிறது என்றே பெட்டி சொன்னால், பழுது நாடாவில் அல்லது வயரில். பெட்டி சமாதானம் அடைந்துவிட்டால் எயார்பேக்கில். பின்னர் அந்த மின்தடையை எடுத்துவிட வேண்டும். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், விளக்கை அணைத்துத் தருகிறேன் என்று சொல்லும் சிலர் இதே 2 ஓம் மின்தடையை நிரந்தரமாக உள்ளே விட்டு, எயார்பேக்கை இணைக்காமலே மூடிவிடுகிறார்கள். பல்பைக் கழற்றுவதைவிட இது மோசமானது. பல்பு இல்லாவிட்டால் பார்க்கத் தெரிந்தவனுக்காவது தெரிந்துவிடும், மின்தடை வைத்த வாகனமோ பார்ப்பவர் எல்லோரிடமும் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லும்.

நாடாதான் பழுது என்று முடிவானால் வேலை ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் போகாது. செய்பவர் செய்வதை அருகில் நின்று பாருங்கள். அவர் வேலை தெரிந்தவரா என்பதை முதல் ஐந்து நிமிடங்களிலேயே கண்டுகொள்ளலாம். முன்சக்கரங்கள் நேராக நிற்க வேண்டும். சாவி வெளியே எடுக்கப்பட வேண்டும். பற்றரியின் எதிர்முனையைக் கழற்றிய பின் டொயோட்டா குறைந்தது 90 விநாடிகள் காத்திருக்கச் சொல்கிறது. வேறு சில உற்பத்தியாளர்கள் 3 நிமிடங்கள் என்கிறார்கள். மோதலில் பற்றரி அறுந்தாலும் எயார்பேக் விரிய வேண்டும் என்பதற்காகக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் மின்னைச் சேமித்து வைக்கும் கொள்ளளவி ஒன்று உண்டு, அது வடிவதற்கே இந்தக் காத்திருப்பு. பற்றரியைக் கழற்றிய கையோடு ஸ்டீயரிங்கில் திருப்புளியை வைப்பவரிடம், சற்றுப் பொறுங்கள் தம்பி, ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுத் தொடங்குவோம் என்று சொல்லுங்கள், கோபிக்க மாட்டார்.

அதன் பின்னர் வளையத்தின் இருபுறமும் உள்ள நட்சத்திரக் குழி ஸ்குரூக்களைத் தளர்த்தினால் எயார்பேக் மூடியோடு கையில் வரும். அதன் மஞ்சள் கனெக்டரின் பூட்டை நெம்பி உயர்த்திய பிறகே கழற்ற வேண்டும். கழற்றிய எயார்பேக்கைத் தூக்கிச் செல்லும்போது மூடியுள்ள முகம் உடம்புக்கு எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும். வைக்கும்போது அந்த முகம் மேலே பார்த்திருக்க வேண்டும். கவிழ்த்து வைத்த எயார்பேக் தற்செயலாக விரிந்தால் அது முழுவதுமாக மேலே பாயும். வளையத்தைக் கழற்றும் முன்பு தண்டிலும் வளையத்திலும் நேருக்கு நேர் ஒரு கோடு போட்டுக்கொண்டால் பின்னர் ஸ்டீயரிங் கோணலாக நிற்காது.

புதிய ஸ்பைரல் கேபிள் நடுநிலையில் பூட்டப்பட்டு வரும். அந்தப் பூட்டை முன்கூட்டியே பிய்த்து எறிந்துவிட்டாலோ, நடுநிலை கலைந்துவிட்டாலோ, இடஞ்சுழியாகக் கையால் மெதுவாகத் திருப்பி, இறுக்கம் தட்டுப்படும் இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து வலஞ்சுழியாக ஏறத்தாழ இரண்டரைச் சுற்று திருப்பி, சிவப்பு அடையாளங்களை நேர்ப்படுத்த வேண்டும். இந்த இரண்டரைச் சுற்றை எண்ணாமல் பூட்டிய புதிய நாடா பழையதைவிட விரைவில் அறும். கொழும்பில் பழைய உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில், கழற்றி எடுத்த பழைய கேபிள்கள் மலிவாகக் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் அவையும் உங்களுடையதைப் போல இருபது ஆண்டுகள் சுருண்டு விரிந்தவை. நாடாவை ஒட்டிப் பற்றாசு வைத்துத் தருகிறேன் என்பவரிடம் உங்கள் சாவியையே கொடுக்க வேண்டாம்.

வேலை முடிந்து குறியீட்டை அழித்த பின்னர், சாவியை ஓன் செய்து 6 விநாடிகளில் விளக்கு அணைகிறதா, இரண்டு கோடிகளிலும் ஹோர்ன் கேட்கிறதா என்று பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள். முழுத் தொகுதியையும் மாற்றச் சொன்ன விலைக்கும் இந்த ஒரு பாகத்தின் விலைக்கும் உள்ள தூரம் பெரிது.

கேள்வி: ஐயா, கிண்ணியாவில் வசிக்கிறேன். கணவர் வெளிநாட்டில் இருப்பதால் பிள்ளைகளைப் பாடசாலைக்குக் கொண்டுபோவது நான்தான். 2008 ஆம் ஆண்டின் சிறிய ஜப்பானியக் கார். சீற்றின் பக்கவாட்டிலும் எயார்பேக் என்று எழுதியிருக்கிறது. மார்கழி மழையில் கதவடியால் தண்ணீர் புகுந்து கால்விரிப்பு ஊறியது. வெயிலில் காயவைத்த பிறகு கார் நன்றாகவே ஓடியது. மாசி மாதமளவில், மகன் சீற்றைப் பின்னே தள்ளி நாணயக் குற்றியொன்றைத் தேடிய அன்றிலிருந்து விளக்கு எரியத் தொடங்கியது. சீற்றை நகர்த்தினால் சில நாள் எரிகிறது, சில நாள் இல்லை. ஹோர்ன் ஒழுங்காக வேலை செய்கிறது.
— வாசகி, கிண்ணியா

பதில்: சகோதரி, உங்கள் மகனைத் திட்டியிருந்தால் சமாதானம் செய்துகொள்ளுங்கள், அவர் பழுதை உண்டாக்கவில்லை, கண்டுபிடித்தார்.

சீற்றுக்குக் கீழே குனிந்து பார்த்தால் மஞ்சள் உறையிட்ட வயர்களும் மஞ்சள் கனெக்டர்களும் தெரியும். எயார்பேக், பெல்ற் இறுக்கி ஆகியவற்றின் வயர்களை மற்றவற்றிலிருந்து வேறுபடுத்துவதற்காகவே அந்த நிறம். அவை தரைக்கு மிக அருகில் இருப்பதாலும், சீற்றோடு சேர்ந்து முன்னும் பின்னும் இழுபடுவதாலும், பழைய வாகனங்களில் விளக்கு எரிவதற்கு மிகச் சாதாரணமான காரணம் இவைதான். உங்கள் விடயத்தில் மழைத் தண்ணீரும் சேர்ந்திருக்கிறது. கடற்கரையூரில் அந்தத் தண்ணீர் காய்ந்த பின்னும் உப்பு காய்வதில்லை. வாடைக்காற்று ஈரத்தைக் கொண்டுவரும் ஒவ்வொரு முறையும் அது மீண்டும் வேலையைத் தொடங்கும். கனெக்டரைக் கழற்றிப் பார்த்தால், பித்தளைக் குத்துவிளக்கை விளக்காமல் விட்டால் படியுமே, அந்தப் பச்சைக் களிம்பு ஊசிமுனைகளில் இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். அந்தக் களிம்பு ஓர் ஓம், இரண்டு ஓம் தடையைக் கூட்டினாலே போதும். மொத்தமாக இரண்டு மூன்று ஓமை எதிர்பார்த்திருக்கும் பெட்டிக்கு அது பெரிய வித்தியாசம்.

இந்தக் கனெக்டர்களின் உள்ளே கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு சிறு தகடு இருக்கிறது. கனெக்டரைக் கழற்றியவுடன், எயார்பேக்கின் பக்கத்தில் உள்ள இரண்டு முனைகளையும் அது தானாக ஒன்றோடொன்று இணைத்துவிடும். வெளியிலிருந்து வழிதவறிய மின் வந்தாலும் தீமூட்டிக்குள் பாயாமல் இருப்பதற்கான பாதுகாப்பு அது. கனெக்டரை முழுவதுமாக அழுத்திப் பூட்டும்போது பிளாஸ்ற்றிக் நாக்கொன்று உள்ளே போய் அந்தத் தகட்டை விலக்கும். பாதி மட்டும் பூட்டியிருந்தால் தகடு விலகாது. பெட்டி அதை வயர்கள் முட்டிய பழுதாகப் பதிவுசெய்யும். கால்விரிப்பைக் காயவைக்கும்போது சீற்றைக் கழற்றினார்களா என்று கேட்டுப் பாருங்கள். கழற்றியிருந்தால், பூட்டும்போது அரைகுறையாகச் செருகியிருக்கவும் கூடும்.

திருத்தம் எளிது, ஆனால் ஒழுங்கு முக்கியம். பற்றரியின் எதிர்முனையைக் கழற்றி, மேலே உப்புவெளி வாசகருக்குச் சொன்ன காத்திருப்பை முடித்த பிறகே மஞ்சள் கனெக்டரைத் தொட வேண்டும். மின்தொடுகைகளைச் சுத்தம் செய்வதற்கென்று விற்கப்படும் ஸ்பிரேயை அடித்து, மென்மையான தூரிகையால் களிம்பை எடுத்து, முழுவதுமாக உலரவிட்டு, டிக் என்ற சத்தம் கேட்கும்வரை செருகிப் பூட்ட வேண்டும். உப்புத்தாளால் ஊசிமுனைகளைத் தேய்க்கக் கூடாது. மேற்பூச்சு போய்விட்டால் அடுத்த மழைக்கே மீண்டும் களிம்பு பிடிக்கும். சீற்றை இரண்டு கோடிகளுக்கும் நகர்த்திப் பார்த்து, வயர் எங்கும் விறைப்பாக இழுபடாதவாறு கேபிள் ரையால் சட்டத்தோடு கட்டிவிடலாம். இத்தனைக்கும் பிறகு ஸ்கேனரால் குறியீட்டை அழித்தால்தான் சில வாகனங்களில் விளக்கு அணையும்.

ஒரு வேலையை மட்டும் யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். கனெக்டரை வெட்டி எறிந்துவிட்டு வயரோடு வயரை முறுக்கிப் பற்றாசு வைத்தால் பிரச்சினை நிரந்தரமாகத் தீரும் என்பார்கள். விளக்கு அணையும்தான், மேலே சொன்ன பாதுகாப்புத் தகடும் கனெக்டரோடு குப்பைக்குப் போயிருக்கும், அடுத்த முறை சீற்றைக் கழற்றுபவர் அதை அறியாமலே வயரை வெட்டுவார்.

தண்ணீர் பாதத்தை மூடும் அளவுக்கு நின்றிருந்தால் நடுவிலுள்ள கட்டுப்பாட்டுப் பெட்டியும் நனைந்திருக்கும். அப்படியானால் கனெக்டரைச் சுத்தம் செய்வதோடு கதை முடியாது. அதையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பழைய கார் ஒன்றை விலை பேசியிருக்கிறேன். எயார்பேக் விளக்கு எரியவில்லை. அப்படியானால் நல்லது என்று எடுத்துக்கொள்ளலாமா?
— வாசகர், தம்பலகாமம்

பதில்: எரியவே இல்லை என்றால் நல்லதல்ல. எரிந்து அணைய வேண்டும். வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது என்பதால், வயதான கார்கள் கைமாறிக் கைமாறி வந்துகொண்டிருக்கின்றன. ஒவ்வொரு கைமாற்றத்திலும் விளக்குகளை வாயடைக்கச் செய்வதும் நடக்கிறது. வருமான அனுமதிப்பத்திரத்துக்காக எடுக்கும் புகைப் பரிசோதனையில் எயார்பேக்கை எவரும் பார்ப்பதில்லை.

எஞ்சினை இயக்காமல் சாவியை ஓன் நிலையில் மட்டும் வையுங்கள். எயார்பேக் விளக்கு, ஓயில் விளக்கு, பற்றரி விளக்கு மூன்றும் எரிய வேண்டும். சில விநாடிகளில் எயார்பேக் விளக்கு மட்டும் தனியாக அணைய, மற்ற இரண்டும் எரிந்துகொண்டே இருக்க வேண்டும். எயார்பேக் விளக்கு அவற்றோடு சேர்ந்து எரிந்துகொண்டிருந்து, எஞ்சினை இயக்கியதும் அவற்றோடு சேர்ந்தே அணைந்தால், யாரோ அதன் வயரை ஓயில் விளக்கோடு இணைத்திருக்கிறார்கள். விற்பவர்கள் பெரும்பாலும் எஞ்சினை முன்கூட்டியே இயக்கி வைத்துக்கொண்டுதான் வாகனத்தைக் காட்டுவார்கள். அதை நிறுத்தச் சொல்லி நீங்களே சாவியைத் திருப்புங்கள். ஸ்டீயரிங் மூடியின் நிறமும் டாஷ்போர்டின் நிறமும் ஒத்துப்போகின்றனவா, பயணியின் பக்கத்தில் டாஷ்போர்டை ஒட்டிப் பூசிய தடம் இருக்கிறதா, சீற் பெல்ற்றை இழுத்துவிட்டால் சீராக உள்ளே போகிறதா என்பதையும் பாருங்கள். மோதலில் இறுக்கி ஒரு முறை வேலை செய்த பெல்ற் பெரும்பாலும் சிக்கிக்கொண்டு நிற்கும்.

கேள்வி: எங்கள் காரில் விளக்கு முறைப்படி எரிந்து அணைகிறது. ஆனாலும் சில எயார்பேக்குகள் வெடித்து இரும்புத் துண்டுகளை வீசும் என்று கேள்விப்பட்டோம். விளக்கு அதைக் காட்டாதா?
— வாசகர், சீனக்குடா

பதில்: காட்டாது. விளக்குக்குத் தெரிந்தது மின்சுற்று மட்டுமே; எயார்பேக்கை ஊதச் செய்யும் உலோகக் குடுவைக்குள் இருக்கும் இரசாயனத்தின் நிலை அதற்குத் தெரியாது. நீங்கள் கேள்விப்பட்டது தகாதா நிறுவனத்தின் குடுவைகளைப் பற்றியது. அவற்றுள் ஈரமுறிஞ்சி சேர்க்கப்படாத அமோனியம் நைத்திரேற்று பயன்படுத்தப்பட்டது. ஆண்டுக்கணக்கில் வெப்பமும் ஈரப்பதமும் மாறி மாறிப் பட்டதில் அது சிதைந்து, மோதலின்போது அளவுக்கு மீறிய வேகத்தில் எரிந்து, குடுவையையே உடைத்துச் சிதறடித்தது. உலகம் முழுவதும் பல உற்பத்தியாளர்களின் வாகனங்களிலிருந்து ஏறத்தாழ 10 கோடி குடுவைகள் மீளழைக்கப்பட்டன; தகாதா 2017 ஜூனில் வங்குரோத்து நிலையை அறிவித்தது. அமெரிக்காவில் 2014 இல் மீளழைப்பு விரிந்தபோது வெப்பமும் ஈரமும் மிகுந்த புளோரிடா, ஹவாய் போன்ற இடங்களே முதலில் கவனிக்கப்பட்டன. கச்சான் காலத்து வெயிலிலும் மாரிக்கால ஈரத்திலும் மாறி மாறி நிற்கும் திருகோணமலை வாகனங்கள் எந்தப் பக்கம் சேரும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

2000 ஆம் ஆண்டுக்குப் பின்னர் வந்த கொரோலாக்களிற் பலவும் அந்தப் பட்டியலில் இருந்தவை என்பதால் உப்புவெளி வாசகரும் இதைக் கவனிக்க வேண்டும். விளக்கைத் திருத்தி எயார்பேக்கை உயிர்ப்பிக்கும் முன்பே பார்த்துவிடுவது முறை. ஜப்பானில் இந்தக் குறைபாடு நீக்கப்படாத, ஆபத்து மிகுந்த வாகனங்களுக்கு 2018 மே முதல் கட்டாயப் பரிசோதனைச் சான்று புதுப்பிக்கப்படுவதில்லை. ஆனால் மீளழைப்புக்கு முன்பே கப்பலேறி இங்கு வந்துவிட்ட வாகனத்தை அந்தச் சட்டம் எட்டாது.

எஞ்சின் அறையின் பின்சுவரில் உள்ள தகட்டிலிருந்தோ வாகனப் பதிவுப் புத்தகத்திலிருந்தோ சேஸி இலக்கத்தை எழுதிக்கொள்ளுங்கள். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கென உற்பத்தியான வாகனங்களின் இலக்கம், மாதிரிக் குறியீடும் ஒரு சிறுகோடும் அதைத் தொடரும் எண்களுமாக இருக்கும். 17 எழுத்துகளைக் கேட்கும் பிற நாட்டு இணையத்தளங்கள் அதை ஏற்காது. உற்பத்தியாளரின் ஜப்பானிய இணையத்தளத்தில் உள்ள மீளழைப்புத் தேடலில் இட்டுப் பார்க்கலாம், அல்லது அந்த இலக்கத்தோடு கொழும்பிலுள்ள அதிகாரபூர்வ முகவரிடம் எழுத்தில் கேட்கலாம். மீளழைப்பு நிலுவையில் இருக்கிறது என்று பதில் வந்தால், எந்தப் பக்க எயார்பேக் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பயணியின் பக்கம் என்றால், மாற்றும்வரை அந்தச் சீற்றில் எவரையும் அமர்த்தாமல் பின்சீற்றில் ஏற்றுங்கள்.